அழகம்மையின் இடது காது

அந்தச் சத்தம் முதன்முதலில் வந்தபோது அழகம்மை மைக்கைத்தான் சந்தேகப்பட்டாள்.

நீதிமன்றத்தில் ஒரு திருட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், தன் வழக்கமான இடத்தில் நின்று, தமிழில் வருவதை மலாயிலும் மலாயில் வருவதைத் தமிழிலும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில், எங்கோ பக்கத்து வீட்டில் குக்கரை இறக்க மறந்துவிட்ட மாதிரி, "ஙீ" என்று மெல்லிய இழையாக ஒன்று கிளம்பியது. மைக் கத்துகிறது, பாருங்கள் என்று எழுத்தரிடம் சைகை காட்டினாள். அவன் மைக்கை அணைத்துப் போட்டான். சத்தம் நிற்கவில்லை. ஏசியை நிறுத்தினான். அப்போதும் நிற்கவில்லை. "இன்னும் கேக்குது" என்றாள். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

அழகம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா காரைக்குடிப் பக்கத்திலிருந்து மலேசியாவில் கிள்ளான் ஊரில் ஒரு செட்டியார் கடைக்குக் கணக்குப்பிள்ளையாக வந்தவர். கணவர் குமரப்பன் கிள்ளானில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகன் மெல்பர்னில். குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. தோட்டத்துத் தமிழ், ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த பையன்களின் தஞ்சாவூர்த் தமிழ், ராமநாதபுரத்துத் தமிழ், பாதி மலாய் கலந்த பூச்சோங் தமிழ் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் வேலையில் ஒரு விதி உண்டு. சாட்சி "நான்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. "நான்தான் அவனை வெட்டினேன்" என்று எத்தனையோ தடவை அவள் வாய் சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டு மத்தியானம் நிம்மதியாக நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறாள்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தாள். இடது காதில் மெல்லிய ஒலிகள் கொஞ்சம் குறைவாகக் கேட்கின்றன, வயசானால் வருவதுதான் என்றார் மருத்துவர். வேண்டுமானால் காதில் சின்ன மெஷின் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். அந்த "ஙீ"க்கு?

"அதுக்கு மருந்து இல்ல ஆன்டி. பழகிக்கோங்க."

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழகிக்கோங்க! மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் சொன்னார்கள், வேலையில் மேலதிகாரி மாறியபோது சொன்னார்கள், இப்போது காதுக்குள் குக்கரை வைத்துக்கொண்டும் பழகிக்கொள்ள வேண்டுமாம். மெஷினைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. காதில் மெஷின் மாட்டிய மொழிபெயர்ப்பாளரை யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தாள். நாத்தனார் சொன்ன பூண்டு எண்ணெய்யை விட்டதில் தலையணை உறை நாறியதுதான் மிச்சம். சீன வைத்தியர் காதைச் சுற்றி ஊசி குத்தினார். குமரப்பன் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். சத்தம் தன் பாட்டுக்கு இருந்தது. வீட்டில் ஆள் பேசும்போது கொஞ்சம் அடங்கும், அமைதியானால் மேலே ஏறி வரும். அதனால் அவள் எந்நேரமும் ரேடியோவை ஓடவிட்டாள். குமரப்பன் வந்து அதைக் குறைப்பார், அவள் கூட்டுவாள்.

"என்னங்க, நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"நீ எங்க கேக்குற? சமையக்கட்டுல நிக்குற, ரேடியோ ஹால்ல கத்துது."

"எனக்கு இது வேணும். உங்களுக்குப் புரியாது."

"புரியாதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி? கொஞ்ச நாள் போனா பழகி..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் போய் விழுந்தது. தான் எறியவில்லை என்று அப்புறம் சொல்லிக்கொண்டாள். எறியத்தான் செய்தாள்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை போகட்டும் என்று விட்டிருக்கலாம். நாகையா வழக்கில்தான் எல்லாம் சந்திக்கு வந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் நடந்த அடிதடி வழக்கு அது. லோகன் என்பவன் பக்கத்து வீட்டுக்காரரை இரும்புக் கம்பியால் அடித்தான் என்று குற்றச்சாட்டு. நேரில் பார்த்த சாட்சி நாகையா, லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டிய மனிதர், பல் பாதி இல்லை. என்ன பார்த்தீர்கள் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"அவன் அடிக்கயில நான் கேட்டுகிட்டதான் நின்னேன்" என்றார் நாகையா.

அழகம்மை காதில் விழுந்தது வேறு. அவன் அடிக்கல, நான் கேட்டுகிட்டதான் நின்னேன். அதையே மலாயில் சொன்னாள்: அவன் அடிக்கவில்லை, நான் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

அரசு வழக்கறிஞர் திகைத்துப் போனார். தன் சாட்சியே இப்படிக் கவிழ்ப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போலீசில் வேறு மாதிரி சொன்னீர்களே என்று குரலை உயர்த்தினார். கூண்டில் நின்ற கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷம் இந்த நாட்டில் லோரி ஓட்டியவருக்கு மலாய் தெரியாதா என்ன? கோர்ட்டில் வாய் குழறக் கூடாது என்றுதான் தமிழில் சொன்னார். இப்போது நேராக நீதிபதியைப் பார்த்து மலாயிலேயே கத்தினார்.

"புக்கான் துவான், புக்கான்! சாயா சாக்காப் டியா புக்குல்!" இல்லை ஐயா, அவன் அடித்தான் என்றுதான் நான் சொன்னேன்!

நீதிபதி பதிவைப் போட்டுக் கேட்கச் சொன்னார். நாகையாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மறுபடி போட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த 'யி' அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அழகம்மைக்கு இரண்டாவது தடவையும் கேட்கவில்லை. அந்த இடத்தில் "ஙீ" மட்டும்தான் இருந்தது. முகம் சுட, "தவறு என்னுடையது, துவான்" என்றாள். கூண்டிலிருந்து இறங்கும்போது நாகையா அவள் பக்கம் குனிந்து, "விடும்மா, எனக்குப் பல்லு இல்ல, அதான்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கொஞ்ச நாள் கோப்புப் பிரிவில் இருங்கள் என்று துணைப் பதிவாளர் மரியாதையாகத்தான் சொன்னார். கோப்புப் பிரிவில் பேச்சே கிடையாது. நாளெல்லாம் கட்டுக்களை எடுத்து அடுக்கியபடி அழகம்மை தனக்குள் வழக்கு நடத்தினாள். டாக்டர் மேல் வழக்கு, குமரப்பன் மேல் வழக்கு, வாய்க்குள்ளேயே பேசிய கிழவர் மேல் வழக்கு. எல்லா வழக்கிலும் அவளே பேசினாள், அவளே தீர்ப்பும் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கல் உடைத்தவள் மாதிரி வருவாள்.

காதுப் பரிசோதனை செய்த பெண்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் புத்த விகாரையைப் பற்றிச் சொன்னாள். ஞாயிறு காலையில் அங்கே தியான வகுப்பு இருக்கிறது, காசு வாங்குவதில்லை, காது இரைச்சல் உள்ள சிலருக்கு உதவுகிறது என்றாள். குமரப்பனுக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம முருகனுக்கு என்ன குறைச்சல்?"

"நான் சாமி கும்பிடப் போகல. சும்மா உக்காரப் போறேன்."

"சும்மா உக்கார்றதுக்கு கேஎல் வரைக்கும் போகணுமா?"

போனாள். கிள்ளானில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, இட்லிக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி நடந்தாள். கூடத்தில் வெள்ளை உடுத்தியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், கொஞ்சம் சிங்களவர்கள். வகுப்பு நடத்தியவர் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த இளம் பிக்கு. அவள் மகனைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். எல்லோரும் அவரைப் பந்தே என்று அழைத்தார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்.

கண்ணை மூடியதும் சத்தம் அவள் மேல் பாய்ந்தது. ரேடியோ இல்லை, ரயில் இல்லை, பேச்சு இல்லை. கூடம் முழுக்க அது ஒன்றுதான். மூச்சாவது கீச்சாவது! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மணி அடித்ததும் நேராக அவரிடம் போய் ஆங்கிலத்தில் பொரிந்தாள். எல்லோருக்கும் அமைதி கிடைக்கும், எனக்கு அமைதிதான் வியாதியே, எனக்கு இது ஒத்துவராது.

அவர் யோசித்தார். "அமைதி வரும் என்று நான் சொல்லவில்லையே" என்றார். "மூச்சு வேண்டாம். அந்தச் சத்தத்தையே கேளுங்கள். அது என்ன செய்கிறது என்று பாருங்கள்."

இது என்ன பதில்? இனி வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டு ரயில் ஏறினாள். ஆனால் அடுத்த ஞாயிறு வீட்டில் இருந்தால் குமரப்பன் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்பாரே! அதற்காகவே மறுபடி போனாள். அதற்கடுத்த வாரமும் அதற்காகத்தான். உட்கார்வாள், சத்தத்தைக் கேட்பாள், எரிந்துகொண்டே எழுந்து வருவாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிந்தது. ஒரே மாதிரி இருக்கிறது என்று அவள் நினைத்த சத்தம் ஒரே மாதிரி இல்லை. ஏறுகிறது, மெலிகிறது, சில சமயம் இரண்டு இழையாகப் பிரிகிறது. தெரிந்து என்ன பயன் என்றும் எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிறு கூடத்தில் தமிழ்ப் பெண்கள் சிலர் புதிதாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிக்கு சொல்லும் ஆங்கிலம் அவர்களுக்கு ஓடவில்லை. அழகம்மை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"வேண்டாம் பந்தே. எனக்குக் காது சரியில்லை. அந்த வேலையிலிருந்தே என்னை எடுத்துவிட்டார்கள்."

"என் பக்கத்தில் உட்காருங்கள். கேட்காவிட்டால் திரும்பச் சொல்கிறேன்."

மறுக்க வழியில்லாமல் போய் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாள். "வர்றது வரட்டும். விரட்ட வேண்டாம். புடிச்சு வெக்கவும் வேண்டாம்." தான் கொஞ்சமும் நம்பாத ஒன்றை இப்படிச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. கொலைகாரர்களுக்காகவே சொல்லியிருக்கிறாளே.

கேள்வி கேட்கலாம் என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை செய்பவள், பெயர் லெட்சுமி.

"அக்கா, பந்தேகிட்ட கேளுங்க. என் மக பூச்சோங்லதான் இருக்கா. நான் போனா கேட்டத் தொறக்க மாட்டேங்குறா. அவ கல்யாணத்துக்கு நான் ஒத்துக்கல, அந்தக் கோவம். சரி, அது போவட்டும். ஆனா நான் நாளெல்லாம் அவகூட மனசுக்குள்ளயே சண்ட போடுறேன். கறிக்கு வெங்காயம் வெட்டுறப்ப, பஸ்ல போறப்ப, எந்நேரமும். வாய் மூடித்தான் இருக்கு, உள்ள நிக்கவே மாட்டேங்குது. எனக்கு எல்லார் மேலயும் கோவம் வருது. பைத்தியம் புடிச்சிருமோன்னு பயமா இருக்கு."

அழகம்மை பிக்கு பக்கம் திரும்பினாள். தொழில் பழக்கம், "நான்" என்றுதான் தொடங்கினாள். நாளெல்லாம் நான் மனதுக்குள் சண்டை போடுகிறேன். எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய "நான்" அவள் வாய் வழியாகப் போயிருக்கிறது. ஒன்றுகூட இப்படி உள்ளே சிக்கியதில்லை. பிக்கு அவசரப்படுத்தவில்லை. லெட்சுமிதான் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு மீதியைச் சொல்லி முடித்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

"அந்தச் சண்டையில் மகளுக்காகப் பேசுவது யார்?" என்று பிக்கு கேட்டார்.

அழகம்மை கேட்டாள். லெட்சுமி முழித்தாள். "நான்தான். அவளா வந்து பேசுறா?"

"அப்படியானால் இரண்டு பக்கமும் நீங்களேதான் பேசுகிறீர்கள். மகள் கதவைத் திறக்காதது ஒரு வலி. அது உண்மை, அதை நான் எடுக்க முடியாது. அதன் மேல் நாளெல்லாம் நடக்கும் சண்டை இன்னொன்று. அதை நடத்துவது மகள் இல்லை. சண்டை தொடங்கும்போது, இதோ தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்த வேண்டாம், தெரிந்தால் போதும். இதைத்தான் பாலி மொழியில் 'துக்க' என்கிறோம்."

அழகம்மை அந்தக் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டாள். துக்கம் என்றால் தமிழில் சாவு வீடு. துன்பம் என்றால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. கவலையா? கவலை இல்லை. லெட்சுமி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரிச்சல்" என்றாள் அழகம்மை. "நம்மளா மூட்டிக்கிற எரிச்சல்."

"ஆமாக்கா!" லெட்சுமி தொடையில் தட்டினாள். "எரிச்சல்தான் லா! அதத்தான் இவ்வளவு நாளா எனக்குச் சொல்லத் தெரியல."

திரும்பும் ரயிலில் அழகம்மைக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி யோசித்தாள். இந்தக் காது சொல்வது "ஙீ" மட்டும்தான். மானம் போச்சு, வேலை போச்சு, இனி யாரும் மதிக்க மாட்டார்கள், ஏன் எனக்கு மட்டும், இவையெல்லாம் அந்த "ஙீ"யில் எங்கே இருக்கின்றன? ஒரு சாட்சி ஒரு சொல் சொன்னதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சேர்த்துச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவள் இத்தனை மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஷா ஆலம் தாண்டும்போது ஒரு நிமிஷம், வெறும் சத்தம் மட்டும், மேலே எதுவும் சேராமல், காதில் ஓடியது. அந்த ஒரு நிமிஷம் அது பெரிய சத்தமாகவே இல்லை.

ஞானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போனாள். திங்கட்கிழமை காலையில் பேருந்து வரவில்லை, கோப்புப் பிரிவில் யாரோ கட்டுக்களை மாற்றி அடுக்கியிருந்தார்கள், காது கூவியது. பத்து மணிக்குள் பழைய வழக்குகள் எல்லாம் மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டன. அழுகை முட்டியது. இவ்வளவுதானா? ரயிலில் தெரிந்தது எங்கே போயிற்று?

அடுத்த வகுப்பில் பிக்குவிடமே அதைச் சண்டையாகக் கேட்டாள். "ஒரு தடவை பார்த்தால் போதும் என்று யார் சொன்னது?" என்றார் அவர். அவருக்கும் அன்று சளி பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் காலையிலிருந்து எரிச்சல்தான்" என்றார். அவளுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஒரேயடியாக எதுவும் மாறவில்லை. சேர்ப்பதைக் கவனிக்கக் கவனிக்க, கலந்து கிடந்தவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தெரிந்தன. சத்தம் ஒன்று. அதற்கு வழியில்லை. காது மந்தம் வேறொன்று. அதற்கு வழி இருக்கிறது. மெஷினை வேண்டாம் என்றது காது அல்ல, அவளுடைய வீம்பு. இதைத் தனக்குள் ஒப்புக்கொள்ளவே அவளுக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. மெஷின் வாங்கப் போன அன்று குமரப்பனையும் கூட்டிப் போனாள். அவர் சட்டையில் சாம்பார் சிந்தியிருப்பதைக் கடையிலேயே சொல்லிச் சண்டையும் போட்டாள். மெஷினைக் காதில் பொருத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் பேசுறது இப்ப நல்லாக் கேக்குதா?"

"கேக்குது. இவ்வளவு சத்தமாவா எப்பவும் பேசுவீங்க?"

பரிசோதனை அறிக்கையோடு துணைப் பதிவாளரைப் போய்ப் பார்த்தாள். சின்ன வழக்குகளில் தொடங்கலாம் என்றார். திரும்பப் போன முதல் நாள், கூண்டில் நின்ற பெண் சேலைத் தலைப்புக்குள் முனகினாள். அழகம்மைக்குப் பிடிபடவில்லை. முன்பு என்றால் ஊகித்துச் சொல்லியிருப்பாள்.

"துவான், சாட்சியைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும்" என்றாள்.

திரும்பவும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்து அவளைப் பார்த்தார். காது மடல் சூடாவதையும், மானம் போச்சு என்று உள்ளே ஒரு குரல் தொடங்குவதையும் அவள் கவனித்தாள். தொடங்கட்டும். மூன்றாவது தடவை அந்தப் பெண் தலைப்பை விலக்கிவிட்டுச் சொன்னாள். கேட்டது. அப்படியே சொன்னாள். நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். அவ்வளவுதான் நடந்தது.

"ஙீ" இன்றுவரை போகவில்லை. மெஷின் போட்டால் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கிறது, கழற்றினால் பக்கத்தில் வந்துவிடுகிறது. ரேடியோ மட்டும் இப்போது பாட்டு கேட்கத் தோன்றினால்தான் ஓடுகிறது. லெட்சுமியின் மகள் இன்னும் கேட்டைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கம்பியில் மாட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாள். மாட்டும்போது சண்டை தொடங்கியதாம். "தொடங்கிருச்சுன்னு தெரிஞ்சுச்சுக்கா. ஆனா நிக்கல. பஸ்ல வர்ற வழியெல்லாம் அவள ஏசிக்கிட்டேதான் வந்தேன்."

போன ஞாயிறு பெரிய மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நடுவழியில் நின்றது. அழகம்மை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தாள். கொதிக்கிறது என்று தெரிந்தது, தெரிந்தும் கொதித்தது. நனைந்த செருப்போடு விகாரைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது. பிக்கு பக்கத்தில், அழகம்மை வழக்கமாக உட்கார்ந்து மொழிபெயர்க்கும் இடத்தில், லெட்சுமி உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தைரியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் இவள் நாலு சொன்னாள். நடுநடுவே பூச்சோங் மகளும் வந்துபோனாள். பின்வரிசையில் இருந்தவர்கள் ரசித்துத் தலையாட்டினார்கள்.

அழகம்மை தூண் ஓரமாக உட்கார்ந்தாள். தப்பு. அதுவும் தப்பு. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. போகட்டும், கோர்ட்டா இது, கண்ணை மூடு என்று தனக்குத்தானே சொல்லிக் கண்ணை மூடினாள். காது தன் பாட்டுக்கு ஓடியது. உள்ளே எரிச்சல் எழுவதையும் பார்த்தாள், விட்டாள். மறுபடி எழுந்தது, மறுபடி விட்டாள்.

"அதனால பந்தே என்ன சொல்றார்னா," லெட்சுமியின் குரல் கணீரென்று வந்தது, "கோவம் வந்தா அத அமுக்கிறணும்ங்கிறார்."

அழகம்மைக்குப் பொறுக்கவில்லை. "லெட்சுமி! அமுக்கச் சொல்லல. பாக்கச் சொல்றார்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லெட்சுமி சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்க லா. எனக்குத் தொண்ட வத்திருச்சு."

நனைந்த பாவாடை விளிம்பைப் பிழிந்துவிட்டு அழகம்மை முன்னால் போனாள்.